கரையில் கூடிய காடு

நேயர்களுக்கு வணக்கம். வெளிநாட்டுப் பயணம் பற்றிப் பேச அழைத்திருக்கிறார்கள். நாடு நாடாகச் சுற்றியவன் அல்ல நான். ஒரே ஓர் ஆற்றில் என் மனைவி, மகள், மகனோடு கழித்த ஒரு பகலையும் கொஞ்சம் இரவையும் பற்றித்தான் சொல்ல முடியும்.

போர்னியோ தீவின் வட முனையில் மலேசியாவின் சபா மாநிலம் இருக்கிறது. அங்கே ஓடுகிறது கினபத்தாங்கான். 560 கிலோமீட்டர் நீளம். மலேசியாவில் இதைவிட நீண்ட ஆறு ரஜாங் ஒன்றுதான். சண்டக்கான் நகரத்திலிருந்து இரண்டரை மணி நேரம் காரில் போனால் ஆற்றங்கரையில் சுக்காவ் கிராமம். வழிநெடுகப் பெரும்பாலும், பழத்திலிருந்து பாமாயில் எடுக்கும் செம்பனைத் தோட்டங்கள். “காடு எப்போது வரும்?” என்று கேட்டுக் கேட்டே மகன் தூங்கிப்போனான்.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் படகில் ஏறினோம். வழிகாட்டி ‘ஒராங் சுங்கை’ இனத்தவர். ஆற்று மக்கள் என்று பொருள். மூடுபனியில் எதிர்க்கரைகூடத் தெரியவில்லை. தலைக்கு மேலே துருத்தி ஊதுவதுபோல் ஓசை கேட்டது. காண்டாமிருக இருவாச்சிப் பறவைகள் இரண்டு, சிறகடித்துக் கடந்தன. போர்னியோவின் எட்டு வகை இருவாச்சிகளும் இந்த ஆற்றோரம் உண்டாம். பெட்டை மரப்பொந்துக்குள் தன்னையே அடைத்துக்கொண்டு அடைகாக்கும், வெளியே இருக்கும் ஆண்தான் இடுக்கு வழியே இரை ஊட்டும் என்று வழிகாட்டி சொன்னார். என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

ஆனால் அன்றைய நாயகன் மூக்குக் குரங்குதான். ஆண் குரங்கின் மூக்கு வாயை மறைத்துக்கொண்டு தொங்குகிறது, வயிறோ பானை. மலாய்க்காரர்கள் இதற்கு வைத்த பெயர் ‘மொன்யெட் பெலண்டா’, அதாவது டச்சுக்காரக் குரங்கு. ஆள வந்தவர்களைப் பழிவாங்க இதைவிட நாகரிகமான வழி எனக்குத் தெரியவில்லை. அந்த வயிற்றுக்குக் காரணம் இலை உணவு. அறை அறையான இரைப்பையில் நுண்ணுயிர்கள் இலையை நொதிக்க வைத்துச் செரிக்கின்றன. நன்றாகப் பழுத்த இனிப்புப் பழம் இதற்கு ஆகாது, வயிறு உப்பிவிடும். விரல்களுக்கு இடையே சவ்வு இருப்பதால் நீந்தவும் செய்யும். எங்கள் கண்ணெதிரே ஒரு தாய், குட்டி மார்பைக் கவ்வியிருக்க, கிளையிலிருந்து தொப்பென்று நீரில் விழுந்து மறுகரை சேர்ந்தாள். ஆற்றில் முதலைகள் இருப்பதால், குறுகலான இடம் பார்த்துத்தான் கடக்கும் என்றார் வழிகாட்டி.

பிற்பகலில் மழை. அட்டைகளுக்குப் பயந்து முழங்கால்வரை துணி உறை மாட்டிக்கொண்டு கொஞ்சம் நடந்தோம். புலி அட்டை என்று ஒன்று உண்டு. கடிப்பதை நன்றாகவே உணர முடிகிறது. அதற்கு மேல் அந்த நடையைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

யானை பார்க்கக் கிடைக்கவில்லை. மிதிபட்ட கோரைப்புல்லும் சாணமும் மட்டும் கிடந்தன.

மாலையில் ஒரு துணையாற்றின் குறுக்கே, மரத்துக்கு மரம் கட்டிய தடித்த பட்டையைப் பார்த்தோம். பழைய தீயணைப்புக் குழாய்களால் செய்த பாலம். ஒராங் ஊத்தான் என்ற மனிதக் குரங்கு நீந்தாது. ஒரு காலத்தில் இரு கரை மரங்களின் கிளைகள் மேலே கோத்திருந்தன. அந்தப் பெரிய மரங்களை வெட்டியபிறகு அதற்கு வழி இல்லாமல் போனது.

“எல்லா மிருகமும் ஏன் கரையிலேயே இருக்கிறது, அப்பா?” என்று மகள் கேட்டாள். மூக்குக் குரங்கு பொழுது சாய்ந்ததும் ஆற்றோர மரங்களுக்கு வந்து உறங்கும். அது அதன் இயல்பு என்றேன். “மற்றவை?” என்றாள். எனக்குப் பதில் வரவில்லை. வழிகாட்டி கரை மரங்களைக் காட்டினார். “பின்னால் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். சில இடங்களில் ஐந்து நிமிடத்தில் காடு முடிந்து செம்பனை வந்துவிடும்.” 2005-ல் சுமார் 26,000 ஹெக்டேரை வனவிலங்குச் சரணாலயமாக அறிவித்தார்கள். அது ஒரே காடு அல்ல, ஆற்றோரம் துண்டு துண்டாகக் கிடப்பது. காலையிலிருந்து, இத்தனை விலங்குகளா என்று நான் மகிழ்ந்துகொண்டிருந்தது அவற்றின் நெருக்கடியைப் பார்த்துத்தான்.

இரவிலும் ஒருமுறை படகில் போனோம். கிளை நுனியில் மீன்கொத்தி ஒன்று பந்துபோல் உப்பி உறங்கியது. நீர்மட்டத்தில் முதலையின் கண்கள் விளக்கொளியில் கனன்றன. படகோட்டி இயந்திரத்தை அணைத்தார். தவளைகளும் பூச்சிகளும் கத்திக்கொண்டிருந்தன. அவற்றுக்கு அப்பால், தாழ்ந்த குரலில் ஓர் உறுமல் நெருங்கி வந்தது. மகன் என் கையைப் பிடித்துக்கொண்டு, “அது என்ன மிருகம்?” என்றான்.

“செம்பனைப் பழ லாரி,” என்றார் வழிகாட்டி.