ஃபேகோ மெஷினைக் கடைசியாக வாங்குங்கள்

இளம் மருத்துவர்களே,

கேரள-தமிழ்நாடு எல்லையில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையிலோ வேலந்தாவளத்திலோ கோவிந்தாபுரத்திலோ கண் கிளினிக் தொடங்க நினைக்கிறவர், கடை வாடகை விசாரிக்கும் முன் ஒரு வாரம் காலையில் அந்த ஊர் பஸ் ஸ்டாப்பில் போய் நின்று பார்க்க வேண்டும். கண்ணைக் காட்டப் போகிறவர்கள் எந்தப் பஸ்ஸில் ஏறுகிறார்கள், யார் துணைக்கு வருகிறார்கள், எத்தனை மணிக்குத் திரும்புகிறார்கள் என்பது அங்கேதான் தெரியும். கோயம்புத்தூர் அவிநாசி சாலையில் அரவிந்த் கண் ஆஸ்பத்திரி இருக்கிறது. சத்தி சாலையில் சங்கரா இருக்கிறது. இந்தக் கேரளப் பக்கம் கோழிப்பாறையில் அஹல்யா இருக்கிறது. மதுரையில் 1976இல் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் முறை, 1992இல் அவர்களுடைய ஆரோலேப் நிறுவனம் உள்ளூரிலேயே கண்ணுக்குள் வைக்கும் லென்ஸ் செய்யத் தொடங்கியபின், கண்புரை அறுவையின் செலவையே அடியோடு குறைத்துவிட்டது. அது நம் ஜனங்களுக்குக் கிடைத்த வரம். புரையை உடைத்து உறிஞ்சும் ஃபேகோ மெஷினை வாங்கி, அவர்களோடு புரை அறுவையில் போட்டி போட்டு ஒரு தனி மருத்துவர் பிழைக்க முடியாது. போட்டி போடவும் வேண்டாம்.

அப்படியானால் நமக்கு என்ன வேலை? திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டிய கண்கள்தாம் நம் வேலை. புரை எடுத்தவர் இரண்டு மூன்று முறை போனால் முடிந்துவிடும். க்ளாக்கோமா என்னும் கண் அழுத்த நோய் உள்ளவர் ஆயுள் முழுக்க மூன்று மாதத்துக்கு ஒரு தடவையோ ஆறு மாதத்துக்கு ஒரு தடவையோ வர வேண்டும். சர்க்கரைக்காரர் வருஷம் ஒரு தடவையாவது விழித்திரையைக் காட்ட வேண்டும். கருவிழியில் புண் வந்தவரை ஒன்றுவிட்டு ஒரு நாள் பார்க்க வேண்டும். பார்க்கப் பழகாமல் மங்கிய சோம்பல் கண் உள்ள குழந்தையை மாதக்கணக்கில் விடாமல் பிடிக்க வேண்டும். கூலிவேலையை விட்டு இரண்டு பஸ் மாறிப் போகிறவர் மூன்றாவது தடவை போக மாட்டார். அவர் நின்றுபோகும் இடத்தில் நீங்கள் இருக்க வேண்டும்.

முதல் இரண்டு வருஷத்துக்குத் தேவையானவை இவ்வளவுதான்: கண்ணைப் பெரிதாக்கிப் பார்க்க நல்ல ஸ்லிட் லேம்ப், அதில் கண் அழுத்தம் அளக்கும் கோல்ட்மேன் டோனோமீட்டர், விழித்திரை பார்க்க 90 டயாப்டர், 20 டயாப்டர் (டயாப்டர் என்பது லென்ஸ் பவரின் அளவு) லென்ஸ்கள், இன்டைரக்ட் ஆப்தல்மாஸ்கோப், கண்ணின் முன்கோணம் பார்க்க நாலு கண்ணாடி கோனியோ லென்ஸ், பவர் கண்டுபிடிக்க ரெட்டினோஸ்கோப், டிரையல் செட், செய்த கண்ணாடியின் பவரைச் சரிபார்க்க லென்ஸோமீட்டர், ஒரு சாதாரண மைக்ராஸ்கோப். ஆறு மீட்டர் நீளம் இல்லாத அறையானால் மூன்று மீட்டரில் கண்ணாடி மாட்டி சார்ட்டைத் திருப்பிக் காட்டலாம். தமிழ், மலையாளம், ‘ஈ’ வடிவம் மூன்று சார்ட்டும் வேண்டும். எந்த எழுத்து படிப்பார் என்று கேட்காமலே மலையாளச் சார்ட்டை நீட்டினால், தமிழ் மட்டும் படித்த அம்மா ‘தெரியலை’ என்பார். பார்வை இல்லை என்று குறித்துவிடுவோம்.

கண்ணாடி எழுதுவதைச் சின்ன வேலையாக நினைக்காதீர்கள். கிளினிக்கின் வாடகையும் சம்பளமும் அதில்தான் ஓடும். ஊர் உங்களை எடை போடுவதும் அதை வைத்துத்தான். பவரைத் தானே அளக்கும் ஆட்டோ ரிஃப்ராக்டர் மெஷின் காட்டும் எண்ணை அப்படியே எழுதுவதுதான் முதல் தப்பு. குழந்தை மெஷினுக்குள் பார்க்கும்போது கண்ணை இறுக்கிக் கிட்டப்பார்வைக்குக் கொண்டுவந்துவிடும். இல்லாத மைனஸ் பவர் வரும். குழந்தைக்கு அந்த இறுக்கத்தைத் தளர்த்தும் சைக்ளோபென்டோலேட் சொட்டோ ஹோமாட்ரோபின் சொட்டோ விட்டு, ரெட்டினோஸ்கோப்பில் பார்த்துத்தான் எழுத வேண்டும். இரண்டாவது தப்பு கண்ணாடிக் கடையில் நடப்பது. நாலு டயாப்டர் லென்ஸின் மையம் ஐந்து மில்லிமீட்டர் விலகினால் இரண்டு பிரிஸம் டயாப்டர் இழுப்பு வரும். தலைவலி என்று திரும்பி வருவார். நாம் பவரை மாற்றிக்கொண்டே இருப்போம். செய்து வந்த கண்ணாடியை லென்ஸோமீட்டரில் வைத்துப் பார்க்காமல் யார் கையிலும் கொடுக்கக் கூடாது.

இனி க்ளாக்கோமா. எல்லையோரக் கிளினிக்கின் முதுகெலும்பு என்று இதைத்தான் சொல்வேன்.

‘கண்ணுல பிரஷர் இருக்கு’ என்று சொன்னால், ‘மாத்திரை சாப்பிட்டுட்டுத்தான் இருக்கேன் டாக்டர்’ என்பார்கள். இரத்த அழுத்தம் என்று புரிந்துகொள்வார்கள். இதைத் தெளிவாக்காமல் அனுப்பினால் சொட்டு மருந்து வாங்கவே மாட்டார்கள். ‘கண்ணுக்குள்ள ஊறுற தண்ணி வெளிய போக வழி அடைச்சிருக்கு, அந்தத் தண்ணி முட்டி நரம்பு காய்ஞ்சுட்டு வருது, போன பார்வை திரும்பாது, இருக்கிறதைக் காப்பாத்தத்தான் மருந்து’ என்று சொல்லுங்கள். கடைசி வாக்கியத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், ‘ஒரு மாசம் விட்டேன், பார்வை கூடலை’ என்று நிறுத்திவிடுவார்.

கோல்ட்மேன் டோனோமீட்டரைக் கூடவே வரும் கம்பியை வைத்து 0, 20, 60 ஆகிய மூன்று இடங்களில் மாதம் ஒரு தடவையாவது சரிபாருங்கள். ஃப்ளோரசின் சாயம் கூடிப்போனால் டோனோமீட்டரில் தெரியும் அரைவட்டங்கள் தடித்து அளவு கூடுதலாகக் காட்டும். சட்டைக் காலர் இறுக்கமாக இருந்தாலும், மூச்சைப் பிடித்துக்கொண்டாலும், உங்கள் விரல் இமைக்குப் பதில் கண்மேல் அழுத்தினாலும் கூடும். மெல்லிய கருவிழி உள்ளவரிடம் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். கண் அழுத்தம் 21க்குக் கீழே இருக்கிறது என்பதால் மட்டும் நோய் இல்லை என்று அனுப்பாதீர்கள். கண் நரம்பின் குழியைப் பாருங்கள்.

மருந்து போடுகிறாரா இல்லையா என்று கண்டுபிடிக்க ஒரு கணக்கு இருக்கிறது. ஒரு சொட்டு சுமார் 30 மைக்ரோலிட்டர். க்ளாக்கோமாவுக்கு விடும் லட்டானோபிராஸ்ட் 2.5 மில்லி புட்டியில் 80 சொட்டுப் போல வரும். இரண்டு கண்ணுக்கும் இரவில் ஒரு சொட்டு என்றால் மாதம் 60. கன்னத்தில் வழிந்ததையும் சேர்த்தால் மாதம் ஒரு புட்டி தீர வேண்டும். மூன்று மாதம் கழித்து வருகிறவரிடம் ‘மருந்து விடுறீங்களா?’ என்று கேட்டால் எல்லாரும் ‘ஆமா’ என்பார்கள். ‘எத்தனை புட்டி வாங்கினீங்க?’ என்று கேளுங்கள். லட்டானோபிராஸ்ட் தயாரிப்புகளில் பலவற்றைத் திறக்கும் வரை 2 முதல் 8 டிகிரியில் வைக்க வேண்டும். உங்கள் பக்கத்து மெடிக்கலில் ஃபிரிட்ஜ் ஓடுகிறதா என்று போய்ப் பாருங்கள். டிமோலால் சொட்டு எழுதும் முன் வீசிங் உண்டா என்று கேட்காமல் பேனாவை எடுக்கவே கூடாது.

அடுத்தது கருவிழிப் புண். பாலக்காடு மாவட்டச் சித்தூர் தாலுகாவில் நெல்லும் தென்னையும் அதிகம். அறுவடையில் நெல் சுணை படும். ஓலை வெட்டும்போது ஈர்க்கு குத்தும். வருவது பெரும்பாலும் பூஞ்சைப் புண்ணாக இருக்கும்: ஃப்யூஸேரியம், ஆஸ்பர்ஜில்லஸ். கண் சிவந்ததும் தாய்ப்பால் விடுவார்கள், பச்சிலைச் சாறு பிழிவார்கள். அதன்பின் மெடிக்கலில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு வாங்குவார்கள். இரண்டு நாள் சிவப்பு குறையும், வலி குறையும், பூஞ்சை மட்டும் உள்ளே வேர் விடும். உங்களிடம் வரும்போது எந்தச் சொட்டு விட்டார் என்று புட்டியைக் காட்டச் சொல்லுங்கள். பேர் சொல்லத் தெரியாது.

மருந்து தொடங்கும் முன் புண்ணின் ஓரத்தைச் சுரண்டி, 10 சதவீதப் பொட்டாஸியம் ஹைட்ராக்ஸைடு ஒரு சொட்டு விட்டு மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். செலவு சில ரூபாய், நேரம் பத்து நிமிஷம். பூஞ்சை இழை தெரிந்தால் 5 சதவீத நாட்டமைசின் என்னும் பூஞ்சைக்கொல்லி, விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு சொட்டு. அது அடியில் படியும் மருந்து. குலுக்காமல் விட்டால் வெறும் தண்ணிதான் விழும். கருவிழிக்குள் அவ்வளவாக இறங்காது என்பதால் மேலே படிந்ததைச் சுரண்டிவிட வேண்டும். வாரக்கணக்கில் விட வேண்டும். சீழ் கட்டினாலோ, கருவிழி மெலிந்தாலோ, புண் வெள்ளைவிழி ஓரத்தைத் தொட்டாலோ அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்புங்கள். ஊரில் உள்ள மெடிக்கல் கடைக்காரர்கள் எல்லாரிடமும் ஒரு தடவை நேரில் போய், சிவந்த கண்ணுக்கு ஸ்டீராய்டு கொடுக்காதீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். எத்தனையோ கண்கள் அந்த ஒரு பேச்சில் தப்பும்.

சர்க்கரைக்காரர்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விழித்திரையைப் பார்க்கக் கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு விடும் முன், கருவிழிக்குப் பின்னால் உள்ள முன்னறையின் ஆழத்தைப் பாருங்கள். குறுகலான கண்ணில் அது திடீர்ப் பிரஷரைக் கிளப்பிவிடும். நாலைந்து மணி நேரம் மங்கலாகத் தெரியும், பைக் ஓட்டக் கூடாது என்று முதலிலேயே சொல்லுங்கள். சாயங்காலம் வருகிறவருக்குக் கடைசிப் பஸ்ஸின் போர்டு படிக்க முடியாது. ஆகவே விரித்துப் பார்ப்பதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி ஃபேகோ மெஷின். கம்பெனிக்காரர் தவணைக் கணக்கோடு வருவார். அந்தக் கணக்கை நீங்களே போடுங்கள். தவணையும் பராமரிப்பு ஒப்பந்தமும் சேர்த்து மாதம் 60,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். லென்ஸ், விஸ்கோ ஜெல், பிளேடு, சம்பளம் போக ஒரு அறுவையில் மிஞ்சுவது 5,000 என்றால், மாதம் 12 அறுவை மெஷினுக்கே போய்விடும். அந்த 12 வராத மாதத்தில், இன்னும் முற்றாத புரையை ‘எடுத்துடலாம்’ என்று சொல்ல வாய் வரும். அந்த நிலைக்கு உங்களைக் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள். பாலக்காட்டிலோ பொள்ளாச்சியிலோ ஏற்கெனவே நடக்கும் ஆபரேஷன் தியேட்டரில் நேரம் கேட்டு வாங்கி, வாரம் ஒரு நாள் செய்யுங்கள். கத்தி ஓடும் கையும் இருக்கும், கடனும் இருக்காது.

எங்கே செய்தாலும் இரண்டு இடத்தில் தவறு நடக்கும். ஒன்று கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் பவர். அளவெடுக்கும் ஏ-ஸ்கேன் அல்ட்ராசவுண்ட் முனையால் கருவிழியை அழுத்தினால் கண்ணின் நீளம் குறைந்து பதிவாகும். ஒரு மில்லிமீட்டர் தப்பினால் சுமார் 2.5 டயாப்டர் தப்பும். குறைந்த நீளத்துக்குக் கூடுதல் பவர் லென்ஸ் வைப்பீர்கள். அறுவைக்குப் பின் அவருக்குத் தூரம் தெரியாது. கருவிழியின் வளைவைக் காட்டும் கெரட்டோமீட்டர் அளவை முதலில் எடுங்கள், ஸ்கேனைப் பிறகு வையுங்கள், இரண்டு கண்ணையும் அளந்து பாருங்கள், 0.3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி அளந்து பாருங்கள்.

மற்றது கிருமி. அறுவைக்கு முன் கிருமிநாசினியான 5 சதவீத போவிடோன் அயோடினைக் கண்ணில் விட்டு முழுசாக மூன்று நிமிஷம் காத்திருங்கள். கடிகாரத்தைப் பார்த்துக் காத்திருங்கள். கண்ணீர்ப் பை அடைத்துச் சீழ் வந்தால் அன்று அறுவை கிடையாது. அறுவை முடிந்த மறுநாளே வலி அதிகமில்லாமல் கருவிழி முழுக்க வெளுத்திருந்தால் கருவிகளின் குழாயில் தங்கிய கசடைச் சந்தேகியுங்கள். இரண்டாம் நாளிலிருந்து ஒரு வாரத்துக்குள் வலியோடு பார்வை குறைந்தால் கிருமி என்றே எடுத்துக்கொண்டு, அந்த மணி நேரத்திலேயே விட்ரியஸ் ஊசி (கண்ணின் உட்பகுதிக்குள் மருந்து ஊசி) போடுகிறவரிடம் அனுப்ப வேண்டும். இரவு பத்து மணிக்கு எந்த ஆஸ்பத்திரியில் விழித்திரை மருத்துவர் இருப்பார் என்பது முதல் அறுவைக்கு முன்பே உங்கள் போனில் இருக்க வேண்டும்.

இனி சட்டம். இரண்டு மாநிலத்துக்கும் தனித்தனி. தமிழ்நாட்டில் படித்துப் பதிந்தவர் கேரளப் பக்கம் உட்கார வேண்டுமானால் கேரள மருத்துவக் கவுன்சிலில் பதிய வேண்டும். இங்கே கேரளத்தில் 2018ஆம் வருஷத்துக் கிளினிக்கல் எஸ்டாப்ளிஷ்மென்ட் (மருத்துவ நிலையங்கள்) சட்டம். அங்கே தமிழ்நாட்டில் 1997ஆம் வருஷத்துச் சட்டம். எல்லைக்கு இரண்டு பக்கமும் கிளினிக் என்றால் இரண்டு பதிவும் தேவை. கட்டணப் பட்டியலை இங்கே மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் ஒட்ட வேண்டும். தமிழிலும் ஒன்றை நீங்களாகவே ஒட்டுங்கள். சம்மதப் பத்திரம் நோயாளி படிக்கிற மொழியில் இருக்கட்டும். ஆள் அனுப்புகிறவருக்குக் கமிஷன் கொடுப்பதை 2002ஆம் வருஷத்து நெறிமுறை விதிகள் தடை செய்கின்றன. ஆட்டோக்காரருக்குக் கொடுத்தாலும் கமிஷன் கமிஷன்தான்.

கடைசியாக, நோயாளியைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் கடிதம். ‘மேல் சிகிச்சைக்கு’ என்று ஒரு வரி எழுதி அனுப்பாதீர்கள். இரண்டு கண் பார்வை, பிரஷர் அளவு, அளந்த நேரம், விட்ட மருந்து, எந்தத் தேதியிலிருந்து, சுரண்டிப் பார்த்ததில் என்ன தெரிந்தது, அவ்வளவும் எழுதுங்கள். கூடவே நோயாளியின் மகளுடைய போன் நம்பரையும், மறுபடி உங்களிடம் வர வேண்டிய தேதியையும் எழுதுங்கள். அந்தத் தேதியில் வராவிட்டால் அன்று சாயங்காலமே கூப்பிட்டுக் கேளுங்கள்.