கைபேசியை உங்கள் பக்கம் திருப்புங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

ஆசிரியர் பயிற்சியில் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்காகப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். தொடக்கக் கல்விப் பட்டயமோ, பி.எட். படிப்போ, எதில் சேர்ந்திருந்தாலும் இரண்டு வருடம். சேர்ந்த சில நாளிலேயே ஸ்மார்ட் வகுப்பறை, பாடக் காணொலிகள் இருக்கும் திக்‌ஷா, மணற்கேணி செயலிகள் என்று வரிசையாகக் காதில் விழும். பயப்பட ஒன்றுமில்லை, ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். 2018 முதல் நம் புதிய பாடநூல்களில் கியூஆர் குறியீடு இருக்கிறது. அதை வகுப்பில் நின்றுகொண்டு ஸ்கேன் செய்யாதீர்கள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், நாற்பது பிள்ளைகள் உங்கள் முகத்தையே பார்ப்பார்கள். முந்தின நாள் இரவே அதில் வரும் காணொலியைத் தரவிறக்கி வையுங்கள்.

சரி, நான் பேச வந்தது கைபேசியின் கேமராவைப் பற்றி.

உங்களுக்கு நுண்ணிலைக் கற்பித்தல் என்று ஒரு பயிற்சி வரும். 1963 வாக்கில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. நாலைந்து மாணவர்கள், ஐந்து நிமிடப் பாடம், ஒரே ஒரு கற்பித்தல் திறன். நடத்தியதைப் படம்பிடித்து, நடத்தியவருக்கே போட்டுக் காட்டுவார்கள். திருத்திக்கொண்டு மறுபடி நடத்த வேண்டும். நான் படித்த காலத்தில் எங்களிடம் கேமரா வந்து சேரவில்லை, ரெக்கார்டு நோட்டு மட்டும் வந்து சேர்ந்தது! இன்று கேமரா உங்கள் சட்டைப்பையிலேயே இருக்கிறது.

இருபது வருடம் பாடம் நடத்திய பிறகுதான் நான் என்னைப் பார்த்தேன். நாலாம் வகுப்பு, பின்னம். தலைமை ஆசிரியரிடம் சொல்லிவிட்டு, பிள்ளைகளின் முகம் விழாதபடி கடைசி பெஞ்சில் தண்ணீர் பாட்டிலில் கைபேசியைச் சாய்த்து வைத்தேன். ராத்திரி போட்டுப் பார்த்தால் ஒரே வெட்கம். "காலும் காலும் சேர்ந்தால் எவ்வளவு?" என்று கேட்கிறேன். மூச்சு விடுவதற்குள் "அரை" என்று நானே சொல்கிறேன். இரண்டாவது வரிசையில் ஒரு பெண்ணின் கை பாதி எழும்பி, அப்படியே இறங்குகிறது. அந்தக் கையை நான் வகுப்பில் பார்க்கவே இல்லை.

மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் இதைத்தான் அளந்தார். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிகூடக் காத்திருப்பதில்லை. மூன்று நொடி பொறுத்தால் பிள்ளைகளின் பதில் நீளுகிறது, அதிகம் பேர் வாய் திறக்கிறார்கள் என்று கண்டார்.

மறுநாள் "அரையும் காலும் சேர்ந்தால்?" என்று கேட்டுவிட்டு மனதுக்குள் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று. அப்பப்பா, எவ்வளவு நீளம்! அதே கை, இந்தத் தடவை முழுசாக மேலே வந்தது.

"மூணு கால் சார்."

வகுப்பே சிரித்தது. முக்கால் என்ற சொல்லுக்குள் இருப்பதே அந்த மூன்று கால்தான் என்று காட்ட, நான் சாக்பீஸை எடுத்தேன்.

நன்றி, வணக்கம்.