சாமுவேல் பால்மர்: கோடுகளுக்கு நடுவுல வெளிச்சம்

வணக்கம் மக்களே. இன்னைக்கு சாமுவேல் பால்மர். 19ஆம் நூற்றாண்டு இங்கிலாந்துக்காரர், நீர்வண்ண ஓவியர், எட்சிங்கும், அதாவது செப்புத் தகட்டுல கீறி அச்செடுக்கற கலையும், பண்ணினவர். இவரைப் பத்திப் பேசுறவங்க பெரும்பாலும் ஒரே தீர்ப்புதான் சொல்வாங்க. இருபதுகள்ல மேதை, அப்புறம் மங்கிட்டார்னு. எனக்கு அந்தத் தீர்ப்பு பாதிதான் சரின்னு தோணுது. மீதிப் பாதிக்காகத்தான் இந்த வீடியோ.

1805 ஜனவரியில லண்டன்ல பிறந்தார். அப்பா புத்தக வியாபாரி. 1818ல அம்மா இறந்துட்டாங்க. அடுத்த வருஷமே, 14 வயசுல, ராயல் அகாடமி கண்காட்சியில இவர் படம் தொங்குது. ஆனா அது அந்தக் காலத்துப் பையன் யாரும் வரையக்கூடிய இயற்கைக் காட்சிதான்.

திருப்பம் 1824ல வருது. ஜான் லின்னெல்ங்கற ஓவியர் இவரை, கவிஞரும் ஓவியருமான வில்லியம் பிளேக் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறார். பிளேக்குக்கு அப்போ 66 வயசு, கையில காசில்ல, ஊர்ல பாதிப்பேர் அவரைப் பைத்தியம்னு சொல்லிட்டிருந்தாங்க. பால்மருக்கோ அவர் தீர்க்கதரிசி. பிளேக் வீட்டு மணியை இழுக்கறதுக்கு முன்னாடி அதுக்கு முத்தம் குடுப்பாராம். பழைய ரோமானியக் கவிஞர் வர்ஜிலோட கவிதைக்கு பிளேக் செதுக்கின குட்டிக்குட்டி மரச்செதுக்குப் படங்கள்தான் பால்மரை அப்படியே புரட்டிப் போட்டுச்சு. கறுப்புக்குள்ள இருந்து வெளிச்சம் கசியற படங்கள்.

1825லயே அதோட பலன் தெரியுது. பழுப்பு மையும் பிசினும் கலந்து ஆறு படம் வரைஞ்சார். இப்போ ஆக்ஸ்ஃபோர்ட்ல, ஆஷ்மோலியன் மியூசியத்துல இருக்கு. அதுல 'ஏர்லி மார்னிங்' பாருங்க, திரையில போடுறேன். பாதையில ஒரு முயல், பின்னாடி குடை மாதிரி ஒரே ஒரு பெரிய மரம். ஒவ்வொரு இலையையும் தனியா மதிச்சு வரைஞ்சிருக்கார். வரையும்போது அவருக்கு வயசு 20!

அடுத்து கென்ட் மாவட்டத்துல ஷோரம் கிராமத்துக்குப் போய்த் தங்கறார். எட்வர்ட் கால்வெர்ட், ஜார்ஜ் ரிச்மண்ட்னு சில நண்பர்களும் வந்து போவாங்க. தங்களை 'ஏன்ஷன்ட்ஸ்'னு சொல்லிக்குவாங்க. ராத்திரியில மடக்கு நாற்காலியோட வயல்வெளியில சுத்தினதால, ஊர்க்காரங்க இவங்களை ஜோசியக்காரங்கன்னு நினைச்சாங்களாம். 'தி மேஜிக் ஆப்பிள் ட்ரீ', 'இன் எ ஷோரம் கார்டன்' எல்லாம் அந்தக் காலத்துப் படங்கள். நீர்வண்ணத்தோட கனமான வண்ணமும் சேர்த்து அப்பியிருப்பார். ஆப்பிள் மரம் நெருப்பு மாதிரி எரியும். இப்படி ஒரு தைரியம் அன்னைக்கு இங்கிலாந்துல ரொம்பக் கொஞ்சப் பேருக்குத்தான் இருந்தது. வாங்க ஆளில்ல. படங்களை ஒரு உறையில போட்டு வச்சு, நெருங்கின நண்பர்களுக்கு மட்டும் காட்டினார்.

1837ல லின்னெலோட மகள் ஹன்னாவைக் கல்யாணம் பண்ணிட்டு ரெண்டு வருஷம் இத்தாலி. திரும்பி வந்ததும் குடும்பம், குழந்தைங்க, ஓவிய வகுப்பு. 1843ல நீர்வண்ண ஓவியர் சங்கத்துல சேர்ந்தார். இந்தக் காலத்துப் படங்கள்ல பலது விக்கறதுக்காக வரைஞ்சதுதான், அதை மறைக்கறதுல அர்த்தமில்ல. திறமை இருக்கு, அந்தக் காய்ச்சல் இல்ல.

ஆனா 1850ல எட்சிங் கிளப்ல சேர்றார். வயசு 45. இங்கதான் நான் அந்தத் தீர்ப்போட சண்டை போடறேன்.

எட்சிங் தெரியாதவங்களுக்குச் சுருக்கமா சொல்லிடறேன். செப்புத் தகட்டு மேல மெழுகுப் பூச்சு. ஊசியால அதைக் கீறி வரையணும். அப்புறம் அமிலத்துல போட்டா, கீறின இடத்துல மட்டும் அமிலம் செம்பை அரிக்கும். லேசா வேணுங்கற கோட்டை வார்னிஷ் பூசி மூடிட்டு, மீதியைத் திரும்ப அமிலத்துல விடணும். எவ்வளவு நேரம் அரிக்குதோ அவ்வளவு ஆழம், அவ்வளவு கறுப்பு. கடைசியில மையைத் தேய்ச்சு, மேல்பரப்பைத் துடைச்சு, ஈரக் காகிதத்தை வச்சு உருளையில அழுத்தணும்.

பால்மர் பண்ணினது என்னன்னா, ஒரு தகட்டையே விடாம மாசக்கணக்கா, சிலதை வருஷக்கணக்கா, கோட்டு மேல கோடு போட்டு நிரப்புவார். கிட்டத்தட்ட முழுசும் இருட்டு. ஆனா கோடுகளுக்கு நடுவுல ஊசி முனை அளவுக்கு வெள்ளைக் காகிதத்தை விட்டு வச்சிருப்பார். அந்தப் புள்ளிகளை ஆயிரம் குட்டி ஒளிக் கண்கள்னு அவரே ஒரு கடிதத்துல எழுதியிருக்கார். 'தி ஸ்லீப்பிங் ஷெப்பர்ட்'ல, 'தி எர்லி ப்ளோமேன்'ல விடியற வானம் அப்படித்தான் மினுங்குது. ஷோரம்ல வண்ணத்தை அப்பிக் கொண்டுவந்த வெளிச்சத்தை, இங்க எதுவும் வைக்காமலே கொண்டுவந்துட்டார். இதை எப்படிச் சரிவுன்னு சொல்றது? ஆயுசு முழுக்க முடிச்சது 13 தகடுதான்.

1861ல மூத்த மகன் 19 வயசுல இறந்துட்டான், சர்ரேயில லீத் ஹில் பக்கத்துல. பால்மர் அதுல இருந்து மீளவே இல்ல. அப்புறம் வால்பிங்கற வக்கீல், கலை விமர்சகர் ரஸ்கினுக்கும் வக்கீலா இருந்தவர், ஆங்கிலக் கவிஞர் மில்டனோட கவிதைகளுக்குப் பெரிய நீர்வண்ணப் படங்கள் கேட்டார். அந்த வரிசையில இருந்து வந்த எட்சிங்தான் 1879ல 'தி லோன்லி டவர்'. மலை உச்சியில ஒரு கோபுரம், அதோட ஜன்னல்ல விளக்கு, மேல சப்தரிஷி மண்டலம், கீழே அண்ணாந்து பார்க்கற மேய்ப்பர்கள். லீத் ஹில் உச்சியிலயும் ஒரு கோபுரம் உண்டு. அதைத்தான் வரைஞ்சிருக்கார்னு விமர்சகர்கள் சொல்றாங்க, நானும் நம்பறேன்.

1881 மே மாசம் ரெட்ஹில்ல இறந்தார். 1909ல இளைய மகன் ஆல்ஃபிரட், அப்பாவோட ஷோரம் காலத்துக் குறிப்பேடுகளையும் படங்களையும் பெரிய அளவுல எரிச்சுட்டார். யாருக்கும் இது புரியாது, கண்டவங்க கையில சிக்கி அவமானப்பட வேணாம்னு நினைச்சாராம். இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியுது. ஆனா அதே ஆல்ஃபிரட்தான் எட்சிங் தகடுகளைப் பாதுகாத்து, திரும்ப அச்சடிக்கவும் உதவினார். 1926ல விக்டோரியா ஆல்பர்ட் மியூசியத்துல பெரிய கண்காட்சி வச்சாங்க. கிரஹாம் சதர்லேண்ட் மாதிரி இளம் கலைஞர்கள் பால்மரோட எட்சிங் படங்கள்ல இருந்து நிறையக் கத்துக்கிட்டாங்க.

'லோன்லி டவர்' பெரிய மியூசியங்களோட தளங்கள்ல இருக்கு. முடிஞ்ச வரைக்கும் பெருசாக்கி, கோபுரத்தைச் சுத்தி இருக்கற வானத்தைப் பாருங்க. அடுத்த வீடியோ எட்வர்ட் கால்வெர்ட். அவரோட மரச்செதுக்குப் படங்கள் உள்ளங்கைக்குள்ள அடங்கிடும், ஆனா பேச நிறைய இருக்கு. வர்றேன்.