மூவரும் முழுக் குழுவும்

அனைவருக்கும் வணக்கம். கான்செர்ட்டோ குரோஸோ என்பது ஒரு பழைய ஐரோப்பிய இசை வடிவம். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம். மேடையில் இரண்டு அணிகள், அவ்வளவுதான். இரண்டு வயலினும், வயலினைவிடப் பெரிய, தாழ்ந்த குரல் கொண்ட ஒரு செல்லோவும் சேர்ந்தது சின்ன அணி. அதன் பெயர் கான்செர்ட்டினோ. மற்ற தந்தி வாத்தியங்கள் எல்லாம் பெரிய அணி, ரிப்பியேனோ. அடியில் ஹார்ப்சிகார்ட் அல்லது ஆர்கன் என்ற கட்டை வாத்தியம் துணையாக வந்துகொண்டே இருக்கும்.

இந்த வடிவத்தை ஐரோப்பா முழுக்க விரும்பவைத்தவர் ரோமில் வாழ்ந்த இசையமைப்பாளர் ஆர்க்காஞ்செலோ கொரெல்லி. அவருடைய 12 கான்செர்ட்டோக்கள் 1714இல் ஆம்ஸ்டர்டாமில் அச்சாகி வந்தபோது அவர் இல்லை. முந்தைய ஆண்டு ஜனவரியிலேயே காலமாகிவிட்டார்.

தனி வயலின் என்றதும் ஒருவர் முன்னால் நின்று வித்தை காட்ட, மற்றவர்கள் ஒத்து ஊதுவார்கள் என்று நினைக்கிறோம். கொரெல்லியிடம் அப்படி இல்லை. அந்த மூவருக்கும் ஓய்வே கிடையாது. பெரிய அணிதான் வந்து சேரும், விலகும். சேரும்போது கூடம் நிறைகிறது. விலகினால் மூன்று பேரின் நெருக்கமான பேச்சு மட்டும் மிஞ்சுகிறது. ஒலியைக் கூட்ட யாரும் வில்லை அழுத்த வேண்டியதில்லை, ஆள் எண்ணிக்கையே அந்த வேலையைச் செய்துவிடும். ரோமில் கொரெல்லியின் இசையைக் கேட்ட இன்னொரு இசையமைப்பாளர் கியோர்க் முஃபாட், தன் கான்செர்ட்டோக்களை மூன்று பேர் மட்டும் இருந்தாலும் வாசிக்கலாம் என்று 1701இல் எழுதினார்.

சரி, கொரெல்லியின் அந்த 12இல் எட்டாவது கான்செர்ட்டோவுக்கு வருவோம். 'கிறிஸ்துமஸ் இரவுக்காகச் செய்தது' என்று கொரெல்லியே தலைப்பில் குறித்திருக்கிறார். தொடக்கத்தில் சில நொடிகள் வேகம், அப்புறம் சட்டென்று ஒரு நீண்ட மெதுநடை. ஒரு வயலின் பிடித்த ஸ்வரத்தை விடாமல் நிற்கும். இன்னொரு வாத்தியம் நகர்ந்து வந்து அதோடு உரசும். பிடித்தது ஒரு படி இறங்கியதும் வலி தீரும். உடனே அடுத்த உரசல். மெதுவான பகுதிகளில் கலைஞர்கள் தாங்களாகவே அலங்காரம் சேர்ப்பது அந்தக் கால வழக்கம். இங்கே அது கூடாது, எழுதியபடியே நீட்டி வாசியுங்கள் என்று குறிப்பு வைத்துவிட்டார். அந்தக் கண்டிப்பு எனக்கு மிகவும் பிடிக்கும்.

கடைசிப் பகுதி பாஸ்டொரால், மேய்ப்பர்களின் இசை. கிறிஸ்துமஸ் காலத்தில் மலையிலிருந்து ரோமுக்கு இறங்கிவரும் இடையர்கள் தோல்பை வாத்தியம் வாசிப்பார்கள். அதைப் போலவே தாழ்ந்த வாத்தியங்களின் அடிக்குரல் ஒரே ஸ்வரத்தில் நிலைத்து நிற்க, மேலே வயலின்கள் தாலாட்டுப்போல ஆடுகின்றன. இதை விரும்பினால் வாசிக்கலாம் என்றுதான் கொரெல்லி எழுதியிருக்கிறார். விட்டுவிட எப்படி மனம் வரும்? இப்போது ஒலிக்கவிடுகிறேன். அந்த அடிக்குரல் நிலைகொள்ளும் இடத்தைக் கேளுங்கள்.