கேபிளில் திரும்பி வரும் அலை

நேயர்களுக்கு வணக்கம். தொலைக்காட்சிக்கு இழுக்கப்படும் கோஆக்சியல் கேபிளைக் கடையில் கேட்டால் 75 ஓம் கேபிள் என்றுதான் தருவார்கள். ஆனால் மறுமுனையில் எதையும் இணைக்காமல் மல்டிமீட்டரை வைத்து அளந்தால் அந்த 75 கிடைக்காது. மீட்டரின் முள்ளே அசையாது.

காரணம், அது செம்பின் மின்தடை அன்று. கேபிளில் ஓடும் அலையின் மின்னழுத்தத்துக்கும் மின்னோட்டத்துக்கும் உள்ள விகிதமே அது. நடுக்கம்பியின் தடிமன், வெளிப்பின்னலின் விட்டம், இடையிலுள்ள பிளாஸ்டிக்கின் தன்மை ஆகியவை அதைத் தீர்மானிக்கின்றன. கேபிள் ஐந்து மீட்டரானாலும் ஐம்பது மீட்டரானாலும் அது மாறுவதில்லை. இத்தகைய விகிதத்துக்கு இம்பீடன்ஸ் என்ற பெயரை 1886இல் வழங்கியவர், தந்திக் கம்பிகளை ஆராய்ந்த ஆலிவர் ஹெவிசைடு.

புறப்படும் அலைக்கு மறுமுனையில் என்ன இருக்கிறது என்பது தெரியாது. அங்கே 75 ஓம் இருந்தால் ஆற்றல் முழுவதும் ஏற்கப்படும். இல்லையென்றால் ஒரு பகுதி வந்த வழியே திரும்பும். முனையின் மதிப்பிலிருந்து கேபிளின் மதிப்பைக் கழித்து, வந்ததை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுத்தால், திரும்பும் அளவு கிடைக்கும். முனையில் 300 ஓம் இருந்தால் 225ஐ 375ஆல் வகுக்க வேண்டும். மின்னழுத்தத்தில் 60 விழுக்காடும் ஆற்றலில் 36 விழுக்காடும் திரும்பிவிடும்.

இந்த 300 கற்பனை எண் அன்று. மொட்டை மாடி ஆன்டெனாக்களில் இருந்த, மடித்த டைபோலின், அதாவது நீள்வளையமாக வளைத்த குழாயின், மதிப்பு ஏறத்தாழ அதுதான். அதற்கும் கேபிளுக்கும் இடையில் நான்குக்கு ஒன்று என மாற்றித் தரும் பேலன் என்ற சிறு பொருளைச் சேர்க்க வேண்டும். அது எதற்கு வீண்செலவு என்று வயரை நேரே முறுக்கிவிட்ட வீடுகளில், தொலைக்காட்சியின் பக்கமும் பொருத்தம் சரியில்லையென்றால், அலை இரு முனைகளிலும் மோதித் திரும்பும். 30 மீட்டர் கேபிளில் போய்வர 60 மீட்டர். மைக்ரோ நொடிக்கு ஏறக்குறைய 200 மீட்டர் வேகத்தில் 0.3 மைக்ரோ நொடி தாமதம். பழைய அனலாக் ஒளிபரப்பில் ஒரு வரியின் படப்பகுதி 52 மைக்ரோ நொடி என்பதால், அரை மீட்டர் அகலத் திரையில், செய்தி வாசிப்பவரின் முகத்துக்கு வலப்புறம் சுமார் 3 மில்லிமீட்டர் தள்ளி ஒரு மங்கலான நிழல்முகம் தெரியும்.

இதே பிரதிபலிப்பைப் பழுது பார்ப்பவர்கள் வேண்டுமென்றே வரவழைப்பதும் உண்டு. மண்ணுக்கடியில் அறுந்த கேபிளில் ஒரு துடிப்பை அனுப்பி, அது திரும்ப 0.4 மைக்ரோ நொடி ஆனால், பழுது 40 மீட்டரில் இருக்கிறது என்று அங்கே மட்டும் தோண்டுகிறார்கள். துடிப்பு நேராகத் திரும்பினால் கம்பி அறுந்திருக்கிறது; தலைகீழாகத் திரும்பினால் ஷார்ட் ஆகியிருக்கிறது.