துரியோதனனுக்குத் தார்ப்பாய் போட்ட பேட்டை

(எங்கள் பேட்டைப் படிப்பகத்தின் ஆண்டு விழாவில் பேசியது. மேடையில் விட்டுப்போன நாலைந்து வரிகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கைதட்டல் வந்த இடங்களைக் குறிக்கவில்லை. குறிக்கும் அளவுக்கு வரவும் இல்லை.)

விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் முன்னாள் கவுன்சிலர் அவர்களே, இந்தப் படிப்பகத்துக்கு மின்விசிறி வாங்கிக் கொடுத்தும் தன் பெயரைச் சொல்லக் கூடாது என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கிக்கொண்ட மளிகைக்கடை அண்ணன் அவர்களே, பள்ளிவாசலை நிர்வகிக்கும் முத்தவல்லி பாய் அவர்களே, எனக்குத் தமிழ் சொல்லிக் கொடுத்த ஐயாவின் மகளாகப் பிறந்து இன்று அதே பள்ளிக்குத் தலைமையாசிரியராக இருக்கும் அம்மா அவர்களே, கோயில் தர்மகர்த்தா அவர்களே, ஒலிபெருக்கி வைத்திருக்கும் தம்பி, முன்வரிசையில் இருக்கும் ஆயாமார்களே, பின்வரிசையில் நின்றுகொண்டே கேட்டுவிட்டுப் போய்விடலாம் என்று நினைக்கும் இளைஞர்களே, எல்லோருக்கும் வணக்கம். பொன்னாடை போர்த்தினார்கள். சித்திரை வெயிலில் பொன்னாடை போர்த்துவது மரியாதையா தண்டனையா என்று தெரியவில்லை. மடித்து வைத்திருக்கிறேன், தலைவர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

‘நம் பேட்டையின் பழக்க வழக்கங்கள்’ என்று நோட்டீசில் தலைப்பு போட்டிருக்கிறார்கள். நான் மூன்று செய்திகள் சொல்லப்போகிறேன். ஒன்று, இந்தப் பேட்டைகள் எப்படி வந்தன. இரண்டு, சித்ரா பௌர்ணமிப் புஷ்பப் பல்லக்கு. மூன்று, நம் கூத்துத் திடல். ‘கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்’ என்று பெரியவர்கள் சொல்வார்கள். எப்போது விடியும் என்று கூத்தாடிக்குக் கவலை, எப்போது பொழுது சாயும் என்று கூலிக்காரனுக்குக் கவலை. மேடையில் பேசுகிறவன் மட்டும் எந்தத் திசையும் பார்க்க மாட்டான். அதனால் தலைவர் கையில் கடிகாரம் கொடுத்திருக்கிறார்கள்.

சரி, முதல் செய்தி. பேட்டை என்றால் கோட்டைக்கு வெளியே கூடிய சந்தையூர். 16-ஆம் நூற்றாண்டில் சின்ன பொம்மு நாயக்கர் காலத்தில் எழுந்தது நம் வேலூர்க் கோட்டை. அகழியும் கருங்கல் மதிலும் எழுப்பிவிட்டால் போதுமா? உள்ளே இருப்பவனுக்குச் சோறு வடிக்கப் பானை வேண்டும். சுவருக்குச் சுண்ணாம்பு வேண்டும். கணக்கு எழுதக் காகிதம் வேண்டும். கோசப்பேட்டை, சுண்ணாம்புக்காரத் தெரு, காகிதப்பட்டறை என்று நம் ஊர்ப் பெயர்களை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், யார் என்ன வேலை செய்தார்கள் என்று பெயரே சொல்லும். நாயக்கருக்குப் பிறகு பீஜப்பூர்க்காரர்கள் வந்தார்கள், மராட்டியர் வந்தார்கள், நவாப் வந்தார், வெள்ளைக்காரன் வந்தான். 1806 ஜூலை 10-ஆம் தேதி விடியும் முன்பே இந்தக் கோட்டைக்குள் சிப்பாய்கள் வெள்ளைக்காரனை எதிர்த்து எழுந்தார்கள். 1857-க்கு ஐம்பது வருஷம் முன்பு! அதை வெளியூர்க்காரனுக்குச் சொல்லிச் சொல்லியே என் ஆயுசு போய்விட்டது. கோட்டைக்குள் ஆள் மாறிக்கொண்டே இருந்தான். வெளியே பானை செய்தவன் பானையே செய்தான். கோட்டையின் சரித்திரத்தைக் கல்லில் எழுதிவிட்டார்கள், பேட்டையின் சரித்திரத்தை யாரும் எழுதவில்லை. அது திண்ணையிலும் திடலிலும்தான் இருந்தது. திண்ணைகளை நாமே இடித்து ஷட்டர் போட்டுவிட்டோம். மிச்சம் இருப்பது திடல்.

நான் முப்பத்துநாலு வருஷம் தபால்காரன். 1972-இல் பின்கோடு வந்தது. 632001 என்று எழுதினால் கடிதம் வேலூருக்கு வந்துவிடும். வேலூருக்கு வந்த பிறகு? பாதிக் கடிதங்களில் கதவு எண்ணே இருக்காது. ‘கூத்துத் திடல் எதிரில்’, ‘கூத்துத் திடல் பின்புறம், வேப்பமரத்து வீடு’ என்று இருக்கும். பட்டாளத்திலிருந்து வரும் மணியார்டர்கூட அப்படித்தான் வரும். மாவட்டத்தின் பெயரை மாற்றினார்கள். 1989-இல் வட ஆற்காட்டை இரண்டாகப் பிரித்தார்கள், 2019-இல் வேலூரை மூன்றாகப் பிரித்தார்கள். அடுத்த ஊர் வேறு மாவட்டமாகி, என் சம்பந்தி ஒரே இரவில் ராணிப்பேட்டைக்காரர் ஆகிவிட்டார். திடல் எதிரில் இருந்த வீடு மட்டும் திடல் எதிரிலேயே இருந்தது.

இப்போது அந்தத் திடலில் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். பெரியவர்களுக்குத் தெரியும், தெரிந்தாலும் சும்மா இருக்க வேண்டும்.

நான் எட்டாவது படித்த வருஷம். மகாபாரதக் கதையைப் படித்தும் ஆடியும் காட்டும் பாரதத் திருவிழா நடக்கிறது. பதினெட்டு நாள். பகலில் பிரசங்கியார் வில்லி பாரதம் படித்து அர்த்தம் சொல்வார், ராத்திரி கூத்து. கடைசி நாள் விடிந்தால் படுகளம், துரியோதனன் சாகும் கட்டம். முந்தின நாள் சாயங்காலமே கோசப்பேட்டையிலிருந்து ஒரு தாத்தா நாலு ஆளோடு வந்து, திடலில் முப்பதடிக்குத் துரியோதனனை மண்ணால் படுக்க வைத்துவிட்டார். மல்லாந்து கிடக்கிறான். முறுக்கு மீசை, முழித்த கண்ணு, மார்பில் பதக்கம். தொடைக்குள் ஒரு சட்டியில் குங்குமத் தண்ணீர். பீமன் அடித்தால் அது உடைய வேண்டும், அந்தச் சிவப்பைத் தொட்டுத்தான் திரௌபதி கூந்தல் முடிப்பாள்.

ராத்திரி இரண்டு மணி இருக்கும். முகவீணை அழுகிறது, மிருதங்கம் அதிர்கிறது, துரியோதனன் வேஷக்காரர் கிரீடமும் புஜக்கட்டையும் கட்டிக்கொண்டு கிறுகிறுவென்று சுற்றுகிறார். திடீரென்று பளீர் என்று ஒரு மின்னல். கோடை மழை! சொட்டுச் சொட்டாக ஆரம்பித்தால் பரவாயில்லை, அண்டாவைக் கவிழ்த்த மாதிரி கொட்டியது. ஜனம் ஓடுகிறது. அப்போது யாரோ ஒருவர் கத்தினார்: ‘‘அய்யோ, மண்ணு துரியோதனன் நனையறான்!’’

அவ்வளவுதான். ஓடின ஜனம் திரும்பியது. திடலுக்கு எதிரில் அரிசி மண்டி வைத்திருந்த பாய் வீடு. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தவர், யாரும் கேட்பதற்கு முன்பே கிடங்கைத் திறந்து லாரித் தார்ப்பாயை இழுத்துப் போட்டார். அது ஈரமானால் யானைக் கனம் கனக்கும். ஒரு மூலையை யார் பிடித்தது தெரியுமா? பீமன் வேஷக்காரர். எதிர் மூலையை? துரியோதனன் வேஷக்காரர்! பத்து நிமிஷத்துக்கு முன்னால் ‘அடா துஷ்டா’ என்று ஒருவரை ஒருவர் கடித்துக் குதறியவர்கள், அரிதாரம் வழிய வழிய, ‘‘அண்ணே கொஞ்சம் உங்க பக்கம் இழுங்க’’, ‘‘தம்பி நீ காலைப் பார்த்து வை’’ என்கிறார்கள். தன்னைத்தானே மழையில் நனையாமல் காப்பாற்றிக்கொண்ட துரியோதனனை நம் பேட்டையில்தான் பார்க்க முடியும்.

மழை விட்டது. தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்தால் தலை இருக்கிறது, மீசை பாதி இருக்கிறது, வயிறு இருக்கிறது. தொடை இல்லை. கரைந்து ஓடிவிட்டது. குங்குமச் சட்டி மட்டும் தனியாக, கடையில் வைத்த மாதிரி உட்கார்ந்திருக்கிறது. பீமன் கதாயுதத்தைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்கிறார். ‘‘இன்னா நைனா, தொடைய காணோம்? எங்க அடிக்கறது?’’

கூத்து வாத்தியாருக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கிழக்கு வெளுக்கிறது. கூத்தாடி கிழக்கே பார்ப்பான் என்றேனே, அன்றைக்கு அவர் கிழக்கைப் பார்க்கவே பயந்தார். உருவம் பின்னமாகிவிட்டது, அடிக்கலாமா என்று ஒருவர் சாஸ்திரம் கேட்டார். அதற்கு எங்கள் தெரு ஆயா ஒருத்தி, விளக்குமாறும் கையுமாக நின்றவள், என்ன சொன்னாள் தெரியுமா? ‘‘சாவப் போறவனுக்கு இன்னாத்துக்குய்யா பின்னம்? கிழக்க பாத்தது போதும், கீழ பாரு. மண்ணு கொண்டாங்கடா.’’

மண்ணுக்கு எங்கே போவது? ஏரி மண் கொண்டுவர வண்டி பூட்ட வேண்டும், நேரமில்லை. வீட்டுக்கு வீடு அடுப்பு போடப் பிசைந்து வைத்திருந்த மண் வந்தது. சுவர் பூச வைத்திருந்த மண் வந்தது. கோலியாடும் பையன்கள், அதில் நானும் உண்டு, கால்சட்டைப் பையில் அள்ளிக்கொண்டு ஓடினோம். எங்கள் அம்மாவிடம் அதற்கு வாங்கிய அடி வேறு கதை. கோசப்பேட்டைத் தாத்தா தொடையைத் தட்டித் தட்டிச் சேர்த்தார். கலர் மண் மூன்று விதம், துரியோதனன் ஒட்டுப்போட்ட சட்டை மாதிரி கிடந்தான். காலை ஒன்பது மணிக்கு அடி விழுந்தது. சட்டி உடைந்தது. திரௌபதி கூந்தல் முடித்தாள். காந்தாரி வந்து விளக்குமாற்றால் மண்மகனை அடித்து ஒப்பாரி வைத்தபோது பாய் வீட்டுப் பெண்கள் மாடியில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சாயங்காலம் தீ மிதி.

அந்தத் தார்ப்பாய் முழுக்கச் சேறு. பெண்கள் கிணற்றடியில் போட்டு இரண்டு நாள் துவைத்தார்கள். அடுத்த வருஷத்திலிருந்து பாரதத்துக்குப் பந்தல்கால் நடுவதற்கு முன்பே பாய் வீட்டிலிருந்து தார்ப்பாய் வந்துவிடும். மழை வராத வருஷமும் வரும், சும்மா ஓரத்தில் மடித்து வைத்திருப்பார்கள். இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1986, 1987-இல் ரம்ஜான் மாதம் சித்திரை வைகாசியில் வந்தது, பாரதமும் அப்போதுதான். பின்னிரவில் நோன்புக்கு முந்தின சாப்பாடான சஹருக்கு எழுப்புவதற்குப் பாய் வீட்டுக்குத் தனியாக ஆள் வேண்டியிருக்கவில்லை. கூத்தை நடத்திச் சொல்லும் கட்டியங்காரன் குரலே போதும். அவர்கள் சஹர் சாப்பிடும் நேரம் கூத்துக்கு ஒரு இடைவேளை விட்டார்கள். அந்த வீட்டு டீ திரைக்குப் பின்னால் வரும். முத்தவல்லி பாய் தலையாட்டுகிறார். அந்த டீயைத் தூக்கிக்கொண்டு வந்த பையன் அவர்தான்.

தலைவர் கடிகாரத்தைக் காட்டுகிறார். இரண்டாவது செய்தி, புஷ்பப் பல்லக்கு. சித்ரா பௌர்ணமி இரவு பல கோயில்களிலிருந்து பூவாலேயே ஜோடித்த பல்லக்குகள் வந்து ஒன்றுகூடுவதை நீங்கள் எல்லோரும் பார்த்தவர்கள், வியாபாரிகள் சேர்ந்து செய்வது. அதைப் பற்றி அடுத்த வருஷம் கூப்பிட்டால் பேசுகிறேன். மாசி மயானக் கொள்ளைத் திருவிழாவும் அப்படியே. பாலாற்றில் தண்ணீர் இல்லாததால்தான் அந்தக் கூட்டத்துக்கு இடம் கிடைக்கிறது என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகிறேன்.

திடலுக்கு வருகிறேன். நம் ஊரைப் பற்றி ஒரு கேலி உண்டு: தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். அதில் ஒன்றை நம் தலைமுறையே அடித்துக் காட்டியது. கோட்டைக் கோயில் சாமி ஜலகண்டேஸ்வரர் சத்துவாச்சாரியிலிருந்து கோட்டைக்குள் திரும்பி வந்தார், 1981 மார்ச் 16. அன்றைக்குத் தபால் பையோடு சைக்கிளை ஓரம் கட்டிவிட்டுக் கூட்டத்தில் நின்றவன் நான். சாமி இல்லாத கோயில் என்று இனி எவனும் சொல்ல முடியாது. ஒரு வரியை அழித்த நாமே ‘திடல் இல்லாத பேட்டை’ என்று ஒரு வரியைச் சேர்க்கலாமா?

பாரதம் நின்று பல வருஷம் ஆகிறது. திடலில் இப்போது ஷேர் ஆட்டோ நிற்கிறது, ஒரு பக்கம் ஜல்லி கொட்டியிருக்கிறது, ஒரு பக்கம் யாருடையதோ பழைய வேன், டயர் இல்லாமல். சும்மா கிடக்கும் இடம் என்று சொல்லி அங்கே கடைகள் கட்ட ஒரு பேச்சு நடக்கிறது. யார் பேசுகிறார்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. அவர்களும் இந்த ஊர்க்காரர்கள்தான், மேடை மரியாதை ஒன்று இருக்கிறது. வாடகை வரும் என்கிறார்கள். வரும். ஆனால் முப்பதடி துரியோதனனைக் கடையின் மாடியில் படுக்க வைக்க முடியாது. தீ மிதிக்க மொசைக் தரையில் குழி வெட்ட முடியாது. சாவு விழுந்தால் பந்தல் போடுவது அங்கே, கல்யாணத்துக்குப் பந்தி விரிப்பது அங்கே, வெள்ளம் வந்தால் ஜனம் ஒதுங்குவது அங்கே, மாலையில் பையன்கள் கிரிக்கெட் ஆடி என் ஜன்னலை உடைப்பதும் அங்கே. ‘கூத்தாடி கிழக்கே பார்ப்பான், கூலிக்காரன் மேற்கே பார்ப்பான்.’ இரண்டு பேரும் ஒரே இடத்தில் உட்கார்ந்தது நம் திடலில்தான். பீடி சுற்றிவிட்டு வந்த பெண்ணும் மண்டியில் மூட்டை தூக்கியவனும் பொழுது சாய்ந்ததும் வந்து பாய் விரித்தார்கள், கூத்தாடி விடிய விடிய ஆடினான்.

முன்னாள் கவுன்சிலர் அவர்கள் தன் காலத்தில் திடலுக்குக் குழாய் போட்டுக் கொடுத்தார், நன்றி. தலைமையாசிரியர் அம்மா பிள்ளைகளைக் கொண்டு திடலின் படம் வரைய வைத்திருக்கிறார், அதுவும் வெளியே மாட்டியிருக்கிறது, பார்த்துவிட்டுப் போங்கள். நான் கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. நாலு மூலையிலும் நாலு கல். ‘கூத்துத் திடல்’ என்று ஒரு பலகை. அதற்கு மேல் ஒரு செங்கல்கூட வேண்டாம்.

வெளியே டீ டிரம் பக்கத்தில் மேஜை போட்டு ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். கையெழுத்துப் போடத் தெரிந்தவர்கள் போடுங்கள், ஆயாமார்கள் கைநாட்டு வையுங்கள், மைப்பெட்டி இருக்கிறது. முகவரிப் பத்தியில் கதவு எண் எழுத வேண்டாம், ‘திடல் எதிரில்’, ‘திடல் பின்புறம்’ என்றே எழுதுங்கள். ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு அளவெடுக்கக் கயிறு கொண்டுவருகிறேன், வேனுக்குச் சொந்தக்காரர் யாராக இருந்தாலும் அதற்குள் எடுத்துவிட்டால் நல்லது. பேனாவை நோட்டோடு நூலில் கட்டியிருக்கிறேன். படிப்பகத்துப் பேனா அது, யாரும் பையில் போட்டுக்கொண்டு போய்விடாதீர்கள். வணக்கம்.