தலைமுடி சொன்ன பெயர்

நேயர்களுக்கு என் வணக்கம்.

1948 நவம்பர் 30, மாலை ஏழு மணி. ஆஸ்திரேலியாவில், அடிலெய்டு நகரை ஒட்டிய சோமர்டன் கடற்கரையில் கணவனும் மனைவியுமாக இருவர் உலாவப் போகிறார்கள். கடலோரத் தடுப்புச் சுவரில் தலையைச் சாய்த்தபடி, கோட்டும் டையும் அணிந்த ஒருவர் கிடக்கிறார். வலக்கையை மெல்ல உயர்த்துகிறார். அது அப்படியே துவண்டு விழுகிறது. குடித்துவிட்டுக் கிடக்கிறார் போலிருக்கிறது என்று எண்ணி அவர்கள் நடந்துவிடுகிறார்கள். மறுநாள் காலை, அதே சுவரடியில் அவர் பிணமாகக் கிடந்தார்.

இந்த வழக்கில் முதல் ஊகம் அதுதான்: குடித்திருக்கிறார். அதன்பிறகு எழுபது ஆண்டுகளுக்கு மேல் ஊகங்கள் ஓயவே இல்லை.

ஓயாததற்குக் காரணமும் உண்டு. உடைகளில் இருந்த அடையாளத் துணிகள் நீக்கப்பட்டிருந்தன. பணப்பை இல்லை. பையில் பயன்படுத்தாத ஒரு ரயில் டிக்கெட், ஒரு பஸ் டிக்கெட், சூயிங்கம், சிகரெட். சில மாதங்கள் கழித்து, கால்சட்டை இடுப்பில் இருந்த சின்னஞ்சிறு பைக்குள் சுருட்டி வைத்த ஒரு காகிதத் துண்டு கிடைத்தது. அதில் அச்சில் இரண்டு பாரசீகச் சொற்கள்: 'தமாம் ஷுத்'. 'முடிந்தது' என்று பொருள். உமர் கய்யாம் பாடல்களின் ஆங்கில நூலில் கடைசியாக வரும் சொற்கள் அவை. கவிமணி நமக்குத் தமிழில் தந்தாரே, அதே உமர் கய்யாம். அந்தத் துண்டு கிழிக்கப்பட்ட புத்தகமும் பிறகு கிடைத்தது. அதன் பின்பக்கத்தில் ஒரு தொலைபேசி எண்ணும், ஐந்து வரிகளில் பொருள் விளங்காத ஆங்கில எழுத்துகளும் மங்கலாகப் பதிந்திருந்தன.

அந்த ஐந்து வரிகளை நானும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு பல இரவுகள் பார்த்திருக்கிறேன். முதல் எழுத்து 'எம்' தானா 'டபிள்யூ' தானா என்பதிலேயே தெளிவில்லை. இரண்டாவது வரி அடிக்கப்பட்டிருக்கிறது. நான்காவது வரி ஏறக்குறைய அதைப் போலவே தொடங்குகிறது. அப்படியென்றால் எழுதியவர் ஒரு வரியைத் தவறிப்போய் முன்னதாகவே எழுதிவிட்டு அடித்திருக்க வேண்டும். இப்படி ஒன்று தோன்றும்போது மனத்தில் ஏற்படும் கிளர்ச்சி சாதாரணமானது அல்ல. ஆகவே ஊகம் செய்பவர்களை நான் பழிக்க மாட்டேன். விடை தெரியாத மரணம் மனிதனை உறங்கவிடாது. அது நல்ல குணம்தான்.

பனிப்போர் தொடங்கிய காலம் அது. தெற்கு ஆஸ்திரேலியாவின் வூமராவில் ஏவுகணைச் சோதனைத் தளம் அமைந்துகொண்டிருந்தது. இறந்தவர் ரஷ்ய உளவாளி, அந்த எழுத்துகள் சங்கேத மொழி, உடலில் தடயம் விடாத நஞ்சு என்று கதை வளர்ந்தது. பிரேதப் பரிசோதனை செய்தவர்கள் நஞ்சு என்றே ஐயுற்றார்கள். ஆனால் எந்த நஞ்சும் அகப்படவில்லை.

என்னை உறுத்துவது உளவாளிக் கதை அல்ல, அந்தத் தொலைபேசி எண். அது கடற்கரைக்கு அருகே குடியிருந்த ஒரு செவிலியின் எண். இறந்தவரை அறியேன் என்று அவர் காவல்துறையிடம் சொன்னார். தன் பெயரை வெளியிட வேண்டாம் என்றும் கேட்டுக்கொண்டார். இறந்தவரின் முகத்தை அச்செடுத்துச் செய்த பிளாஸ்டர் மார்பளவுச் சிலையைக் காட்டியபோது அவர் மயங்கி விழப்போவது போல இருந்தார் என்று ஒரு காவலர் சொன்னது பிடித்துக்கொள்ளப்பட்டது. ஒரு பெண்ணின் முகவாட்டம் சாட்சியமாகிவிட்டது! பிணத்தின் முகத்தைப் பார்த்து யார்தான் வாடமாட்டார்கள்? அவருடைய மகனின் காதமைப்பும் பல்லமைப்பும் இறந்தவருடையதைப் போல இருக்கின்றன, ஆகவே அவன் இந்த மனிதருக்குப் பிறந்தவனாக இருக்கலாம் என்பது வரைக்கும் பேச்சு போனது.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் தெருவில் ஒருவர் வேலைக்குப் போனவர் வீடு திரும்பவில்லை. ஆளுக்கொரு காரணம் சொன்னோம். அந்த வீட்டு அம்மா, கூட்டமெல்லாம் கலைந்து கடை மூடும் நேரத்தில்தான் ரேஷன் கடைக்கு வருவார். அது எதற்காக என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

சோமர்டன் வழக்குக்கு வருகிறேன். அடிலெய்டு பல்கலைக்கழகத்தில் மின்பொறியியல் பேராசிரியரான டெரெக் அபாட் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். காவல்துறைக்காரர் அல்லர், துப்புத் துலக்குவதில் அவரும் நம்மைப் போன்ற வெளியாள்தான். மேலே சொன்ன காது, பல் ஒற்றுமையைப் பெரிதாக எடுத்துக்கொண்டவர்களில் அவரும் ஒருவர். ஆனால் அவர் அதோடு நிற்கவில்லை. பிளாஸ்டர் சிலையை வார்த்தபோது அதில் ஒட்டிக்கொண்ட தலைமுடி சில இழைகள் அப்படியே இருந்தன. அவற்றிலிருந்து மரபணுத் தகவலை எடுத்து, அமெரிக்க ஆய்வாளர் காலீன் ஃபிட்ஸ்பாட்ரிக்குடன் சேர்ந்து, ஏறத்தாழ 4,000 பேர் அடங்கிய வம்சாவளியை வரைந்தார். 2022 ஜூலையில் ஒரு பெயரை அறிவித்தார்: கார்ல் வெப். 1905-இல் மெல்போர்னின் ஃபுட்ஸ்கிரேயில், ஆறு பிள்ளைகளில் கடைசியாகப் பிறந்தவர். மின்கருவிகள் செய்யும் தொழில். இறந்தவருடையது என்று ரயில் நிலையத்தில் கண்டெடுத்த பெட்டியில் ஒரு டை இருந்தது, அதில் 'டி. கீன்' என்று ஒரு பெயர் இருந்தது. வெப்பின் அக்காள் கணவர் பெயர் தாமஸ் கீன்.

காவல்துறை இதை உடனே ஏற்று முத்திரை குத்திவிடவில்லை. அது சரிதான். 2021 மே மாதம் கல்லறையைத் தோண்டி எடுத்த உடலில் அவர்கள் தனியாகச் சோதனை நடத்திக்கொண்டிருந்தார்கள்.

இதில் நான் மிகவும் மதிப்பது வேறொன்று. அந்தச் செவிலியின் வழித்தோன்றலின் மரபணுவை ஒப்பிட்டபோது வெப்போடு எந்த உறவும் தென்படவில்லை. தான் நம்பிய ஊகம் பொய்த்தது என்பதை அபாட் ஊரறியச் சொன்னார். சோதித்துப் பார்க்கக்கூடிய ஊகம். சோதனையில் தோற்றதும் கைவிடப்பட்ட ஊகம். அந்த அம்மாவோ அதற்குள் இறந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. மகனும் இல்லை. வாழ்ந்த காலத்தில் அந்த வீட்டு வாசலில் வந்து நின்ற சந்தேகத்தை யார் திரும்ப எடுத்துக்கொள்வது?

வெப் எப்படி இறந்தார், எதற்காக அடிலெய்டுக்கு வந்தார் என்பதற்கு இன்னும் நிலையான விடை இல்லை. உளவாளி என்று காட்ட ஒரு துரும்பும் அகப்படவில்லை. கவிதை விரும்பிய, குதிரைப் பந்தயம் விளையாடிய, மணவாழ்க்கை முறிந்த ஒரு தொழிலாளி. அந்த எழுத்துகள் குதிரைகளின் பெயர்களாக இருக்கலாம் என்று இப்போது சிலர் சொல்கிறார்கள். இருக்கலாம். குதிரைக்கு அதனால் ஒரு கேடும் இல்லை.

உலகமே அந்த முகத்தைப் பார்த்து இவர் யார் என்று கேட்டுக்கொண்டிருந்தது. மெல்போர்னில் அவரைத் தேடி ஒரு குரலும் எழவில்லை. 1951-இல் அவர் மனைவி, கணவர் தன்னைக் கைவிட்டுப் போய்விட்டார் என்று சொல்லி மணவிலக்குக் கேட்டார். அப்போது அந்த அம்மா குடியிருந்தது தெற்கு ஆஸ்திரேலியாவின் ப்யூட் என்ற சிற்றூரில். அதே மாநிலத்தில், அடிலெய்டின் வெஸ்ட் டெரஸ் கல்லறைத் தோட்டத்தில், அவர் கணவர் அடக்கமாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. தலைமாட்டுக் கல்லில் பெயருக்குப் பதிலாக, 'சோமர்டன் கடற்கரையில் கண்டெடுக்கப்பட்ட அறியப்படாத மனிதர்' என்று பொறித்திருந்தார்கள்.

நன்றி, வணக்கம்.